வயலோரத் தொலைபேசி: அமிஷ் சமூகமும் மறுப்பின் வரலாறும்

தொழில்நுட்பம் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் இரண்டு அணியாகப் பிரிந்துபோவதுதான் நம்மிடையே வழக்கம். ஒரு அணிக்கு இயந்திரம் என்பது வரலாற்றின் இன்னொரு பெயர். அது வரும்போது வழிவிட்டு நிற்க வேண்டும், எதிர்ப்பவன் பிற்போக்காளன். மற்ற அணிக்கு இயந்திரமே வன்முறை. அதற்கு முந்தைய கிராமமோ இழந்துவிட்ட சொர்க்கம். வெளிப்பார்வைக்கு எதிரெதிராகத் தெரியும் இவ்விரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மனிதர்கள் கூடி உட்கார்ந்து ஒரு இயந்திரத்தைப் பற்றி முடிவெடுக்கலாம் என்கிற எண்ணம் இரண்டு அணியிலும் கிடையாது. ஆதரித்தோ எதிர்த்தோ கட்டுரை எழுதலாம். 'எங்கே, எவ்வளவு, யார் கையில்' என்று கேட்டு, பதில் சொல்லி, அந்தப் பதிலுக்குக் கட்டுப்படுவதற்கு ஓர் இடம் இல்லை.

அப்படி ஓர் இடத்தை நூறு வருஷத்துக்கும் மேலாக வைத்திருக்கும் சமூகம் ஒன்று வட அமெரிக்காவில் இருக்கிறது. அமிஷ் என்று பெயர். அவர்களைப் போற்றுவது இக்கட்டுரையின் நோக்கமில்லை. போற்ற முடியாத பல விஷயங்கள் அங்கே உண்டு, அவற்றுக்கும் வருவோம். ஆனால் ஒரு சமூகம் எப்படி 'வேண்டாம்' என்று சொல்கிறது, அந்தச் சொல்லை எதைக் கொண்டு காப்பாற்றுகிறது, அதற்கு என்ன விலை கொடுக்கிறது என்பதை வரலாறாகப் பார்ப்பது நமக்குத் தேவைப்படுகிறது.

1

அமிஷ் பற்றிய பொதுப் பிம்பம் எளிமையானது. கறுப்பு உடை, தாடி, தலைமூடிய பெண்கள், குதிரைவண்டி. 1985இல் வெளிவந்த பீட்டர் வியரின் 'விட்னஸ்' படம் உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்தப் பிம்பத்தைத்தான். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் மாவட்டத்துக்கு வருஷாவருஷம் லட்சக்கணக்கான சுற்றுலாக்காரர்கள் போய் வேலிக்கு இப்பால் நின்று பார்ப்பதும் இதைத்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் உறைந்துபோன மனிதர்கள் என்பது இந்தப் பார்வையின் சாரம்.

உறைந்துபோனவர்கள் என்றால் அழிந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. 1900வாக்கில் சில ஆயிரம் பேராக இருந்தவர்கள், 2024 மதிப்பீட்டின்படி சுமார் 4 லட்சம் பேர். சுமார் இருபது ஆண்டுக்கு ஒருமுறை இவர்கள் தொகை இரட்டிக்கிறது. கார், தொலைக்காட்சி, இணையம் எல்லாம் பரவிய அதே நூற்றாண்டில்தான் இது நடந்தது. பெரிய குடும்பங்கள் ஒரு காரணம். பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பான்மையோர், பல குடியிருப்புகளில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கும் மேல், வளர்ந்தபின் சபையில் சேர்கிறார்கள் என்பது இன்னொரு காரணம்.

இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தால் பிம்பம் முழுசாகவே குழம்பிவிடுகிறது. லங்காஸ்டரில் மின்கம்பி வீட்டுக்குள் வரக்கூடாது. ஆனால் பாட்டரி வைத்துக்கொள்ளலாம். கார் சொந்தமாக வைத்திருக்கக் கூடாது. ஆனால் அடுத்தவர் ஓட்டும் காரில் வாடகை கொடுத்துப் போகலாம். டிராக்டரை வயலில் ஓட்டக்கூடாது. களத்தில் நிறுத்தி பெல்ட் போட்டுக் கதிரடிக்கலாம். மரவேலைப் பட்டறையில் வாள், துளைப்பான், இழைப்பு இயந்திரம் எல்லாம் ஓடுகின்றன. மின்மோட்டாரைக் கழற்றிவிட்டு, டீசல் என்ஜின் தரும் அழுத்தக் காற்றிலோ எண்ணெய் அழுத்தத்திலோ ஓடும்படி மாற்றிவிட்டார்கள். அங்கே சைக்கிள் கூடாது, காலால் உந்திச் செல்லும் ஸ்கூட்டர் வண்டி கூடும். வடக்கு இண்டியானாவுக்குப் போனால் அமிஷ் மக்களே சைக்கிள் மிதித்துப் போகிறார்கள்.

'போலித்தனம்' என்று சிரிப்பது சுலபம். அமெரிக்க அண்டைவீட்டார் பலரும் அப்படித்தான் சிரிக்கிறார்கள். ஆனால் இந்தப் பட்டியலை முரண்பாடுகளின் தொகுப்பாகப் படிப்பதை விட்டுவிட்டு, ஒரு நீண்ட பேரத்தின் தடயங்களாகப் படித்தால் வேறொன்று தெரியவருகிறது. அதற்கு வரலாற்றில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2

1525 ஜனவரி. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரம். ஸ்விங்லியின் மதச் சீர்திருத்தம் பாதியில் நின்றுவிட்டதாகக் கருதிய சில இளைஞர்கள் ஒரு வீட்டில் கூடி, வயதுவந்த ஒருவர் இன்னொருவருக்கு ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் குழந்தை ஞானஸ்நானம் என்பது அன்றைக்குச் சமயச் சடங்கு மட்டுமில்லை. பிறந்த உயிரைத் திருச்சபையின், அதன்வழி அரசின், கணக்கில் எழுதிக்கொள்ளும் ஏற்பாடு. 'தெரிந்து, சம்மதித்துச் சேர்ந்தால்தான் செல்லும்' என்று சொன்னது அந்தக் கணக்கேட்டையே கிழித்த மாதிரி. ஆயுதம் எடுக்க மாட்டோம், சத்தியப் பிரமாணம் செய்ய மாட்டோம் என்பதும் இதோடு சேர்ந்துகொண்டது. அரசு சும்மா இருக்குமா? 1527 ஜனவரியில் ஃபெலிக்ஸ் மான்ஸ் என்பவரைக் கட்டி லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்தார்கள். தண்ணீரைக் கேட்டவனுக்குத் தண்ணீரிலேயே தண்டனை. அடுத்த நூறாண்டில் ஐரோப்பா முழுக்க அனாபாப்டிஸ்டுகள் எரிக்கப்பட்டார்கள், மூழ்கடிக்கப்பட்டார்கள். இந்தக் கொலைகளைத் தொகுத்து 1660இல் டச்சு மொழியில் வந்த 'தியாகிகளின் கண்ணாடி' இன்றும் அமிஷ் வீடுகளில் இருக்கிற புத்தகம்.

'உலகம்' என்கிற சொல்லை ஓர் அமிஷ்காரர் உச்சரிக்கும்போது அதில் இருக்கிற சந்தேகம் இங்கிருந்து வருகிறது. உலகம் என்றால் அவர்களுக்கு முதலில் அரசு, அப்புறம் அரசோடு கைகோத்த பெரும்பான்மை. இயந்திரமெல்லாம் பின்னால் வந்தது.

1693இல் யாக்கோப் அம்மான் என்ற மூப்பர் சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பகுதி அனாபாப்டிஸ்டுகளிடையே ஒரு பிரிவினையை உண்டாக்கினார். அமிஷ் என்ற பெயர் அவரிடமிருந்து வந்தது. சண்டை எதைப் பற்றி? சபையிலிருந்து நீக்கப்பட்டவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாமா கூடாதா என்பதுதான் முக்கியமான வழக்கு. கூடாது என்றார் அம்மான். ஆக, இந்தச் சமூகம் பிறந்ததே ஊர்விலக்கு பற்றிய வாதத்தில். இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இவர்கள் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறினார்கள். ஐரோப்பாவில் தங்கியவர்கள் மெல்ல மெல்ல மற்றவர்களோடு கரைந்தார்கள். அங்கிருந்த கடைசி அமிஷ் சபை 1937இல் மறைந்தது. அமெரிக்காவிலும் 1862 முதல் 1878 வரை சபை ஊழியர்கள் ஏறக்குறைய ஆண்டுதோறும் கூடி, மாறிவரும் காலத்தோடு எவ்வளவு தூரம் போவது என்று பேசினார்கள். பேச்சு பிரிவினையில் முடிந்தது. பெரும்பான்மையினர் காலத்தோடு போய் மென்னோனைட் சபைகளில் கலந்தார்கள். 'பழைய ஒழுங்கு' என்று நின்ற சிறுபான்மையினரின் வாரிசுகள்தான் இன்றைய அமிஷ். அதாவது இது தொன்றுதொட்டு மாறாமல் வந்த மரபு கிடையாது. நவீனத்தைக் கண்ணெதிரே பார்த்த பிறகு, விவாதித்து, பிரிந்து, தேர்ந்துகொண்ட மரபு. பழைய ஒழுங்கு என்பதே ஒரு நவீனகால நிகழ்வு.

3

முடிவெடுப்பது எப்படி?

அமிஷ் மக்களுக்குப் போப்பாண்டவர் கிடையாது, தலைமைச் செயலகம் கிடையாது. இருபத்தைந்து முதல் நாற்பது குடும்பம் கொண்டது ஒரு சபை. தேவாலயக் கட்டிடம் இல்லை. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். குதிரைவண்டியில் போகிற தூரம்தான் சபையின் எல்லை. இப்படி 2,500க்கும் மேற்பட்ட சபைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிஷப், இரண்டு பிரசங்கிகள், ஒரு டீக்கன். யாருக்கும் சம்பளமில்லை, இறையியல் பட்டமில்லை. ஊழியர் தேவைப்படும்போது ஆண்களும் பெண்களும் ஆளுக்கொரு பெயரைச் சொல்கிறார்கள். போதுமான குரல் விழுந்தவர்கள் முன்னால் பாட்டுப் புத்தகங்களை அடுக்குகிறார்கள். ஒரு புத்தகத்துக்குள் ஒரு சீட்டு இருக்கும். சீட்டு யார் எடுத்த புத்தகத்தில் இருக்கிறதோ அவர் சாகும்வரை ஊழியர். வேட்பாளர் இல்லை, பிரச்சாரம் இல்லை. பதவியை விரும்புவதே தகுதிக்குறைவு.

சபையின் நடைமுறை விதிகளுக்கு 'ஓர்ட்னுங்' என்று பெயர். ஜெர்மன் மொழியில் ஒழுங்கு. பெரும்பாலும் எழுதிவைப்பதில்லை. எழுதினால் சட்டமாகிவிடும், சட்டமானால் வக்கீல் வேண்டும். வாய்மொழியாகவும் வாழ்க்கைமுறையாகவும் இருப்பதால் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது, காலத்துக்குக் காலம் நெகிழ்கிறது. ஆண்டுக்கு இருமுறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், திருவிருந்து நடக்கும். அதற்கு இரண்டு வாரம் முன்பு ஆலோசனைக் கூட்டம். அங்கே பிஷப் ஒழுங்கை எடுத்துச் சொல்வார். ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும், ஆணும் பெண்ணும், சம்மதமா என்று சொல்ல வேண்டும். மனஸ்தாபம் தீராமல் இருந்தால் திருவிருந்து தள்ளிப்போகும். மனம் ஒப்பாமல் சேர்ந்து உண்பது கூடாது.

புதிய கருவி ஒன்று வரும்போது உடனே யாரும் தடைபோடுவதில்லை. யாராவது ஒருத்தர் வாங்கிவிடுவார். ஊர் பார்க்கும். பிஷப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார். இந்த மௌனமே ஒரு பரிசோதனைக் காலம். அந்தக் கருவி அந்த வீட்டை என்ன செய்கிறது, பக்கத்து வீட்டோடு உள்ள உறவை என்ன செய்கிறது, பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று கவனிக்கிறார்கள். முணுமுணுப்பு இல்லையென்றால் அது மெல்ல ஒழுங்குக்குள் வந்துவிடும். முணுமுணுப்பு எழுந்தால் கூட்டத்துக்கு வரும், 'எடுத்துவிடு' என்பார்கள். வாங்கியவர் எடுத்துவிடுவார், அல்லது சபை உடையும். ரொம்ப நாள் புழங்கிவிட்ட ஒன்றைப் பிடுங்குவது கஷ்டம் என்பது அவர்களுக்குத் தெரியும். எப்போது பேசுவது என்பதே ஒரு அரசியல்.

4

தொலைபேசியின் கதையை எடுத்துக்கொள்வோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கிராமங்களில் விவசாயிகளே கூடிக் கம்பி இழுத்துத் தொலைபேசிச் சங்கங்கள் வைத்துக்கொண்டார்கள். ஒரே கம்பியில் பல வீடுகள். ஒருவர் பேசினால் எல்லோரும் ஒட்டுக்கேட்கலாம். லங்காஸ்டர் அமிஷ் வீடுகள் சிலவற்றிலும் தொலைபேசி வந்தது. முதலில் யாரும் தடுக்கவில்லை. அப்புறம் இரண்டு பேர் மூன்றாமவரைப் பற்றிக் கம்பியில் புறம்பேச, அந்த மூன்றாமவர் காதிலேயே அது விழுந்து, விவகாரம் சபைக்கு வந்ததாக வாய்மொழிக் கதை உண்டு. கதை எப்படியிருந்தாலும், 1910ஐ ஒட்டி வீட்டுத் தொலைபேசி விலக்கப்பட்டது.

அதே சமயத்தில் அந்தச் சபை உடைந்தது. உடைப்புக்கு மூலகாரணம் பழைய வழக்குதான்: ஊர்விலக்கு எவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும் என்பது. சுமார் ஐந்தில் ஒரு பங்கினர் வெளியேறினார்கள். வெளியேறியவர்கள் தொலைபேசியை ஏற்றார்கள். பின்னால் மின்சாரத்தையும் காரையும் ஏற்றார்கள். அவர்கள் எதையெல்லாம் ஏற்றார்களோ அதையெல்லாம் ஏற்பது, தங்கியவர்களுக்கு, பிரிந்துபோனவர்கள் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்வது மாதிரி ஆகிவிட்டது. கார் விலக்கப்பட்டதும், 1919வாக்கில் பொது மின்கம்பி விலக்கப்பட்டதும், 1920களின் முற்பகுதியில் டிராக்டர் வயலிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டதும் இந்தச் சூழலில்தான். லங்காஸ்டர் வரலாற்றை எழுதிய டொனால்ட் கிரேபில் இந்த அரசியலை விரிவாக எடுத்துக்காட்டுகிறார். இன்றைக்கு 'அமிஷ் மரபு' என்று சுற்றுலாப் புத்தகங்கள் சொல்வதில் பாதி, ஏறக்குறைய பதினைந்து வருஷத்துக்குள், ஒரு குடும்பச் சண்டையின் சூட்டில் தீர்மானிக்கப்பட்டது.

சண்டையில் பிறந்தாலும் முடிவில் ஒரு தர்க்கம் இருந்தது. தொலைபேசியை அவர்கள் அடியோடு ஒழிக்கவில்லை. டாக்டரைக் கூப்பிட வேண்டும், விற்பனைக்குப் பேச வேண்டும். நாளாவட்டத்தில் பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு தொலைபேசி வயலோரத்தில், பாதை முடியும் இடத்தில், ஒரு சின்ன மரக்கூண்டுக்குள் வைக்கப்பட்டது. பேச வேண்டுமென்றால் எழுந்து நடந்து போக வேண்டும். மழையில் போக வேண்டும். மணி அடித்தால் வீட்டுக்குள் கேட்காது. சாப்பாட்டின் நடுவே யாரும் எழுந்து ஓட வேண்டியதில்லை. நீ அதைத் தேடிப் போகலாம், அது உன்னைத் தேடி வரக்கூடாது. போன் கெட்டதுன்னு அவர்கள் சொல்லவில்லை. அதற்கும் அடுப்பங்கரைக்கும் நடுவில் ஒரு நூறு தப்படி இருக்கட்டும் என்றார்கள். அந்த நூறு தப்படியில்தான் அவர்களுடைய தத்துவமெல்லாம் இருக்கிறது.

மின்சாரமும் இப்படித்தான். பாட்டரியில் இருப்பதும் மின்சாரம், கம்பியில் வருவதும் மின்சாரம். ஆனால் கம்பி ஒரு உறவு. மாதாமாதம் கட்டணம், எங்கோ இருக்கிற கம்பெனி, இரவுபகல் அறுபடாத தொடர்பு. கம்பி வந்துவிட்டால் அதில் எதை மாட்டுவது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போலீஸ்காரன் வேண்டும். கம்பியே இல்லையென்றால் வானொலி, தொலைக்காட்சி பற்றி விவாதிக்கவே வேண்டாம். நுனியை வெட்டிக்கொண்டிராமல் வேரிலேயே நின்றார்கள். டிராக்டருக்கு ரப்பர் டயர் கூடாது, இரும்புச் சக்கரம் மட்டும் என்பதும் இதே கணக்குதான். ரப்பர் டயர் போட்டால் அது சாலைக்கு வரும். சாலைக்கு வந்தால் காருக்கு வேலை செய்யும்.

1960களின் இறுதியில் வேறொரு நெருக்கடி. பெரிய குளிர்தொட்டியில் பாலைச் சேர்க்காவிட்டால் வாங்க மாட்டோம் என்றன பால் நிறுவனங்கள். பால் போனால் விவசாயம் போகும். பிஷப்புகள் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார்கள். குளிர்தொட்டி வைக்கிறோம், டீசலில் குளிரூட்டுகிறோம், பாலைக் கலக்கும் துடுப்பு பன்னிரண்டு வோல்ட் பாட்டரியில் ஓடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பால் எடுக்க வரக்கூடாது. நிறுவனங்கள் ஒத்துக்கொண்டன. 'சந்தையின் நிர்ப்பந்தம்' என்று நாம் சொல்லிக் கைவிரிக்கும் இடத்தில் இவர்கள் பேரம் பேசியிருக்கிறார்கள். பேச முடிந்ததற்குக் காரணம், தனித்தனி விவசாயியாகப் போகாமல் மொத்தமாகப் போனது.

எல்லாச் சமரசமும் இப்படிச் சுமுகமாக முடிந்ததில்லை. 1966இல் பண்ணை இயந்திரங்கள் தொடர்பான கெடுபிடி தாங்காமல் லங்காஸ்டரில் சுமார் நூறு குடும்பங்கள் பிரிந்து போயின. எதிர்த் திசையிலும் பிரிவு உண்டு. 1910களில் ஒஹையோவில் பிரிந்த ஸ்வார்ட்ஸென்ட்ரூபர் குழுவினர் இன்றும் மண்ணெண்ணெய் விளக்கோடு வாழ்கிறார்கள். மெதுவாகச் செல்லும் வண்டிக்கான ஆரஞ்சு முக்கோணத்தைக் குதிரைவண்டியில் மாட்ட மறுத்து கெண்டக்கியில் சிலர் சிறைக்கே போனார்கள். 2012இல் அந்த மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. கழிவுநீர்த் தொட்டி கட்டும் கட்டாயத்தை எதிர்த்து மின்னசோட்டாவில் அவர்கள் நடத்திய வழக்கு 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய்த் திரும்பியது. 2023இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அவர்கள் பக்கம் தீர்ப்பானது.

5

இந்தத் தீர்மானங்களிலிருந்து ஒரு இலக்கணத்தை வகுக்க முடியும். வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் வேறுவேறு: வாடகைக் காரில் போகிறவன் காரணத்தோடு போவான், நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போவான், சொந்தக்காரன் சும்மாவே போவான். பட்டறையும் வீடும் வேறுவேறு: பிழைப்புக்குத் தேவையானது பட்டறையோடு நிற்கட்டும். சக்தியின் அளவே அமைப்பின் அளவைத் தீர்மானிக்கும்: டீசலையும் காற்றையும் நம்பி ஓடும் பட்டறை ஓரளவுக்கு மேல் பெருக்க முடியாது, எனவே சில பேர் வேலை செய்யும் சிறு தொழிலாகவே இருக்கும், முதலாளியும் தொழிலாளியும் ஒரே வீட்டில் ஞாயிறு கூடுவார்கள். இந்த மூன்றுக்கும் அடியில் ஒரு கேள்வி ஓடுகிறது: இந்தக் கருவி வந்தால் பக்கத்து வீட்டுக்காரன் எனக்குத் தேவைப்படாமல் போய்விடுவானா?

நம்முடைய அளவுகோல்களில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. உற்பத்தி கூடுமா, செலவு குறையுமா, வேலை போகுமா, சூழல் கெடுமா என்று கேட்கிறோம். எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் கருவி என்பது உறவுகளை மாற்றி எழுதும் ஒரு சட்டம் என்று எடுத்துக்கொண்டு, மற்ற சட்டங்களைப்போல அதற்கும் மக்களின் சம்மதம் வேண்டும் என்று நாம் கேட்டதில்லை. படிப்பறிவில் எட்டாம் வகுப்பைத் தாண்டாத விவசாயிகள் அதைக் கேட்டிருக்கிறார்கள்.

6

இனி விலைக்கு வருவோம்.

சம்மதம் என்றேனே, அந்தச் சம்மதத்தின் பின்னால் நிற்பது ஊர்விலக்கு. ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் ஒழுங்கை மீறி, திருந்த மறுத்தால் சபை அவரை நீக்கும். அப்புறம் சொந்தத் தாயே அவருக்குத் தனி மேசை போட வேண்டும். அவர் கையிலிருந்து எதையும் வாங்கக்கூடாது. ஏகமனதான சம்மதம் என்பது எவ்வளவு தூரம் சம்மதம், எவ்வளவு தூரம் அச்சம்? தன்னை விட்டுக்கொடுத்தல் என்ற பொருளில் 'கெலாசென்ஹைட்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அழகான சொல்தான். ஆனால் விட்டுக்கொடுக்க நிர்ப்பந்திக்கப்படுபவர் யார், விட்டுக்கொடுக்கச் சொல்பவர் யார் என்று கேட்காமல் இந்த மாதிரிச் சொற்களை நாம் விட்டுவிட முடியாது.

பெண்கள் வாக்களிக்கிறார்கள், ஊழியர் பெயரை முன்மொழிகிறார்கள். ஆனால் ஊழியராக முடியாது. எது கூட்டத்துக்கு வர வேண்டும், எதைக் கண்டும் காணாமல் விட வேண்டும் என்று தீர்மானிக்கும் மௌனம் முழுக்க ஆண்களுடையது. குடும்பத்துக்குள் நடக்கும் வன்முறையும் பாலியல் குற்றமும் சபையின் மன்னிப்புச் சடங்கோடு மூடப்பட்டு, காவல்துறைக்குப் போன பெண்ணே குற்றவாளியாக நிறுத்தப்பட்ட சம்பவங்களை அண்மைக்கால அமெரிக்க இதழியல் வெளிக்கொண்டுவந்திருக்கிறது. வெளியுலகுக்கு எதிரான வேலி, உள்ளே இருப்பவளுக்கு வெளியேற முடியாத சுவர். வீட்டுக்குள் தொலைபேசி இல்லாதது சாப்பாட்டு நேரத்துக்கு நல்லது. அடிபடும் பெண்ணுக்கு?

பிள்ளைகளின் கதை 1972க்குப் போகிறது. எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளை அனுப்ப மறுத்த விஸ்கான்சின் பெற்றோருக்கு ஆளுக்கு ஐந்து டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. யோடர் வழக்கு என்று பெயர்பெற்ற அந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிபதி வில்லியம் டக்ளஸ் மட்டும் ஒரு கேள்வி எழுப்பினார்: பிள்ளைகளைக் கேட்டீர்களா? இந்தக் கேள்வி இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. ஞானஸ்நானத்துக்கு முன் இளைஞர்கள் சில காலம் ஒழுங்குக்கு வெளியே திரியலாம், பிறகு அவர்களே தேர்ந்துகொள்கிறார்கள் என்று பதில் சொல்கிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்ற ஒருவருக்கு, தெரிந்த மனிதரெல்லாம் உள்ளே இருக்கும்போது, வெளியே போவது எந்த அளவுக்குத் தேர்வு? 1525இல் 'தெரிந்து சம்மதிப்பதே செல்லும்' என்று சொல்லி உயிர்விட்டவர்களின் வாரிசுகளிடம் இதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, அமிஷ் பற்றிய நேசமான எழுத்துகள் பெரும்பாலும் தாண்டிப்போகும் விஷயம். தனித்து வாழ நிலம் வேண்டும். லங்காஸ்டரின் நிலம் கனெஸ்டோகா முதலான பூர்வகுடிகளுடையது. அங்கே மிஞ்சியிருந்த இருபது கனெஸ்டோகா மக்களை 1763 டிசம்பரில் பாக்ஸ்டன் கும்பல் என்ற வெள்ளைக் குடியேறிகள் கொன்று முடித்தார்கள். அமிஷ் மக்கள் அந்தக் கொலையில் இல்லை. அவர்கள் ஆயுதம் எடுப்பதில்லை. ஆனால் கொலைக்குப் பிறகு எஞ்சிய வெளியில்தான் அவர்களுடைய அமைதி வேர்விட்டது. அதே பென்சில்வேனியாவில், கார்லைலில், 1879 முதல் 1918 வரை ஒரு உறைவிடப் பள்ளி நடந்தது. பூர்வகுடிப் பிள்ளைகளைக் கொண்டுவந்து முடியை வெட்டி, மொழியை மறக்கடித்து 'நாகரிகப்படுத்திய' பள்ளி. தம் பிள்ளைகளைத் தம் வழியில் வளர்க்கும் உரிமை வெள்ளை விவசாயிக்கு 1972இல் உச்ச நீதிமன்றத்தில் கிடைத்தது. கார்லைலுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு எந்த நீதிமன்றமும் இல்லை. 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையும் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டதில்லை. யாருடைய மறுப்பு 'மத சுதந்திரம்', யாருடைய மறுப்பு 'காட்டுமிராண்டித்தனம்' என்பதை அதிகாரமே தீர்மானித்திருக்கிறது.

7

இவ்வளவையும் சொன்னபிறகு 'அப்படின்னா எதுக்கு இந்த அமிஷ்?' என்று நண்பர்கள் கேட்கலாம்.

அவர்கள் வைத்திருக்கும் தடைப்பட்டியல் நமக்குத் தேவையில்லை. அது அவர்கள் சண்டைகளின் சரித்திரம். அவர்களின் ஆண்மையவாதமும் ஊர்விலக்கும் நமக்குத் தேவையேயில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஒரு கருவியைப் பற்றிக் கூடிப் பேசி முடிவெடுக்கும் இடமும், அதற்கென்று ஒரு நாளும், முடிவுக்கு ஒரு மதிப்பும் இருக்க முடியும் என்பது. இந்த இடத்தை ஒடுக்குமுறை இல்லாமல் உண்டாக்க முடியுமா என்பதுதான் விடை தெரியாத கேள்வி. சேர்ந்து மறுப்பதற்குக் கட்டுப்பாடு வேண்டும். கட்டுப்பாட்டுக்குத் தண்டனை வேண்டும். தண்டனை எப்போதும் பலவீனமானவர் தலையிலேயே முதலில் விழுகிறது. இந்தச் சங்கிலியை எங்கே அறுப்பது என்று சங்கங்களும் இயக்கங்களும் நடத்திப் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அமிஷ் மக்களே இன்று இந்தக் கேள்விக்குள் வேறு வழியாக வந்து சேர்ந்திருக்கிறார்கள். நிலத்தின் விலை ஏறி, மக்கள்தொகை பெருகியதால் பெரிய குடியிருப்புகள் பலவற்றில் விவசாயம் இப்போது சிறுபான்மைத் தொழில். கட்டிட வேலைக்கும் பட்டறைக்கும், வடக்கு இண்டியானாவில் வீட்டுவண்டித் தொழிற்சாலைகளுக்கும் போகிறார்கள். கட்டிட மேஸ்திரிக்கு வேலையிடத்தில் செல்போன் வேண்டும். கம்பி இல்லை, கூண்டு இல்லை, சட்டைப்பைக்குள் அடங்கிவிடும். தொலைபேசியைப் பார்க்க முடிந்ததால் ஊர் பார்த்தது, முணுமுணுத்தது, பேசித் தீர்மானித்தது. சட்டைப்பையில் இருப்பதை யார் பார்ப்பது? காரையும் மின்கம்பியையும் நூறு வருஷம் எல்லையில் நிறுத்திய நடைமுறை, கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிறு பொருளின் முன் தடுமாறுகிறது. சில சபைகள் தடுக்கின்றன, சில இணையத்தை மட்டும் வடிகட்டச் சொல்கின்றன, சில பழையபடி கண்டும் காணாமல் இருக்கின்றன. ஒவ்வொருவரும் தனக்குள் தனியாக முடிவெடுக்கும் நிலை அங்கேயும் வந்துகொண்டிருக்கிறது.

நாம் அந்த நிலைக்கு எப்போதோ வந்துவிட்டோம். வயலோரத்துக் கூண்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த அந்த நூறு தப்படியை அவர்கள் கூடி அளந்தார்கள். நம் கையில் இருப்பதற்கும் நமக்கும் நடுவில் எத்தனை தப்படி இருக்கலாம் என்று நம்மை யாரும் கேட்கவில்லை. நாமும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.